உலக்கை முந்திக்கொண்ட கிரகணம்

தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திவிட்டு அம்மா மெதுவாகக் கையை எடுத்தாள். உலக்கை விழவில்லை. லேசாக ஒரு ஆட்டம் ஆடி, அப்படியே நேராக நின்றது.

"புடிச்சுடுச்சு," என்றாள் அம்மா. "எல்லாரும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வாங்க. யாரும் வாயில ஒண்ணும் போடக்கூடாது."

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முற்றம். ஆடி அமாவாசை. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். வானம் முழுக்க மேகம் மூடியிருந்தது. பத்து மணிக்குச் சூரிய கிரகணம் பிடிக்கும் என்று பஞ்சாங்கம் சொன்னது. அலமாரி மேல் இருந்த டைம்பீஸ் சரியாகப் பத்து காட்டியது. இதெல்லாம் போதாதென்று உலக்கையும் நின்றுவிட்டது.

கிரகணம் பிடித்திருக்கும்போது மட்டும்தான் உலக்கை தண்ணீரில் நிற்கும், விட்டதும் தானாக விழுந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மேகம் மூடினாலும் கவலை இல்லை. வானத்தை அண்ணாந்து பார்க்காமலே முற்றத்தில் கிரகணம் பார்த்துவிடலாம்.

அம்மா சோற்றுப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் தர்ப்பைப் புல் போட்டாள். அப்பா கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு, நனைந்த வேட்டியோடு வந்து நின்றார். நானும் ஈரத் தலையோடு நின்றேன். ஆடிக் காற்று சிலுசிலுவென்று அடித்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், மேகம் சட்டென்று விலகியது. மஞ்சள் கரைத்துவைத்த தண்ணீரில் அப்பா குனிந்து சூரியனைப் பார்த்தார்.

"எங்க புடிச்சிருக்குது? முழுசா இருக்குதே."

அம்மாவும் எட்டிப் பார்த்தாள். சூரியன் ஒரு விளிம்பும் குறையாமல் வட்டமாக மிதந்துகொண்டிருந்தது. அம்மா திரும்பி உலக்கையைப் பார்த்தாள். அது இன்னும் நின்றுகொண்டிருந்தது.

"உலக்கை நிக்குதுங்களே. அதுக்கு என்னா சொல்றீங்க?" என்று அப்பாவைக் கேட்டாள். பிடித்தது சூரியனை இல்லை, அப்பாவைத்தான் என்பதுபோல இருந்தது அவள் கேட்ட விதம்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் மூன்று வாரமாக நான் தவித்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைக்காவிட்டால் புருஷன் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று மனசுக்குள் சபதம் வேறு. நான் படித்த மிஷன் பள்ளியில் ஒரு வாத்தியார் வேலை காலியாக இருந்தது. பெரிய டீச்சரம்மா, "வர்றியா, இல்லையா, அமாவாசை கழிச்சு மறுநாள் சொல்லிடு" என்று கெடு வைத்திருந்தார். அந்த மறுநாள் நாளைக்குத்தான்.

அவர் கேட்ட கேள்வி

இந்தத் தொடரில் போன வாரம் என் கல்யாணப் பந்தலோடு நிறுத்தியிருந்தேன். வைகாசியில் கல்யாணம். அவர் விழுப்புரம் ஜங்ஷனில் சிக்னலர். ரயில்வே தந்தி அறையில் நாள் முழுக்கக் கடகடவென்று தந்தி அடிக்கிற வேலை. அவர் பெயரைப் போடச் சொல்லிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்து ஒரு நாளும் வாயால் சொல்லாத பெயர். இப்போது பேனாவால் சொன்னால் மட்டும் அது என்ன நியாயம்? 'அவர்' என்றே இருக்கட்டும்.

விழுப்புரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். கதவைத் திறந்தால் கரி வாசனை, மூடினால் மல்லாட்டைப் பிண்ணாக்கு வாசனை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். கூட்ஸ் ஷெட் பக்கத்திலேயே இருந்தது. திருச்சி வண்டி, காட்பாடி வண்டி, புதுச்சேரி வண்டி, நடுவில் பட்டாளத்து ஸ்பெஷல் என்று நாலு பக்கமும் ஊதிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் தூக்கமே இல்லை. இரண்டாவது வாரம் வண்டி ஊதாவிட்டால் தூக்கம் கலைந்தது.

நான் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் திண்டிவனத்தில் அஞ்சாம் வகுப்புக்கு வாத்தியாராக இருந்தவள். அந்தக் காலத்தில் எங்கள் மாதிரி மல்லாட்டை போடுகிற குடும்பத்தில் ஒரு பெண் டிரெயினிங் முடித்து வேலைக்குப் போனது பெரிய விஷயம். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்று எழுதுகிறேன், என் தம்பி படித்தால் சிரிப்பான்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தந்தி அறைச் சிநேகிதர்கள் இரண்டு பேரை அவர் காப்பிக்கு அழைத்து வந்தார். ஆடி அமாவாசையன்று கிரகணம் வருகிறதாம் என்று பேச்சு வந்தது. ஒருவர், "ராகு முழுங்குதுங்களா, கேது முழுங்குதுங்களா?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்பங்கரையிலிருந்து மூன்று டம்ளரோடு வந்துவிட்டேன்.

"பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்லிங்க. இது சூரியன், இது நிலா, இது நாம இருக்கிற பூமி. நிலா நடுவுல வந்து சூரியனை மறைச்சா சூரிய கிரகணம். அதனாலதான் அது அமாவாசையிலயே வருது. பூமி நடுவுல வந்து, பூமியோட நிழல் நிலா மேல விழுந்தா சந்திர கிரகணம். அது பௌர்ணமியிலதான் வரும்." டம்ளர்களை இடம் மாற்றி மாற்றிக் காட்டினேன். சந்திர கிரகணத்தின்போது நிலா மேல் நகர்கிற நிழல் எப்போதும் வளைவாகவே இருக்கும், பூமி உருண்டை என்பதற்கு அதுவே சாட்சி என்றும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய பாடம். தடங்கல் இல்லாமல் வந்தது.

சிநேகிதர்கள் வாயைப் பிளந்தார்கள். அதோடு விட்டிருந்தால் நல்லபடியாகப் போயிருக்கும். அவர் டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"அமாவாசை மாசாமாசம் வருதே. அப்போ கிரகணமும் மாசாமாசம் வரணுமில்ல? ஏன் வர்றதில்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு பெண்ணும் அதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வரவில்லை.

"சில மாசம் நிலா தூரமா போயிடும். அப்போ மறைக்காது," என்று ஒரு புளுகு விட்டேன்.

சிநேகிதர்களில் ஒருவர், "தூரமா போனா சின்னதாத் தெரியும். நேரா நிக்கிறது நேராத்தானே நிக்கும்?" என்றார்.

அவர் சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரிச் சிரித்தார்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். காது இரண்டும் எரிந்தது. கட்டிக்கொண்டு இன்னும் இரண்டு மாசம் ஆகவில்லை, நாலு பேர் எதிரில் வாத்தியாரம்மாவை மடக்கி வேடிக்கை பார்க்கிறாரே என்று நெஞ்சு பொருமியது. பதில் தெரிந்துகொண்டே பரீட்சை வைக்கிற மனுஷனோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று யோசித்தேன். இருபது வயசு. அந்த வயசில் எல்லாமே ஆயுசுக் கணக்கில்தான் தோன்றும்.

மறுநாளே, "ஆடிக்குப் போறேன்" என்று பெட்டியைக் கட்டினேன்.

"ஆனி பாதிதானே ஆயிருக்குது?" என்றார் அவர்.

"அம்மாவைப் பாக்கணும்போல இருக்குது."

அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டி ஏற்றிவிட்டார். முண்டியம்பாக்கம் தாண்டியதும் அழுதேன். மயிலம் வந்ததும் முகம் கழுவிக்கொண்டேன். திண்டிவனத்தில் இறங்கும்போது சிரித்த முகமாக இருந்தேன். புதுப் பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, கோபித்துக்கொண்டு வருகிறவளுக்கு அதைவிட நல்ல மறைப்பு கிடையாது. பதினைந்து நாள் முந்தி வந்தாலும் ஊர் நம்பியது.

ஆடி ஒன்றாம் தேதி விருந்துக்கு அவரை அப்பா அழைத்திருந்தார். அம்மா பாயசம் வைத்துக் காத்திருந்தாள். டியூட்டி என்று அவர் வரவில்லை. சரி, இவ்வளவுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு, பெரிய டீச்சரம்மாவைப் போய்ப் பார்த்தேன்.

எலுமிச்சம்பழம்

ஆனாலும் அந்தக் கேள்வி விடவில்லை. அவர் மேல் இருந்த கோபம் பாதி, என் மேல் இருந்த கோபம் பாதி. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல நாற்பது பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேனே என்று இருந்தது. பதில் தெரியாமல் மறுபடி வகுப்புக்குள்ளும் போகக் கூசியது.

மல்லாட்டை மூட்டை அடுக்கிய அறை பகலிலும் இருட்டாக இருக்கும். அதற்குள் ஒரு சிம்னி விளக்கை ஏற்றி மூட்டை மேல் வைத்தேன். அது சூரியன். ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக் கையை நீட்டிக்கொண்டேன். அது நிலா. என் தலைதான் பூமி. நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் எலுமிச்சம்பழம் விளக்கை மறைத்தது. ஒரு சுற்று ஒரு மாசம் என்றால் மாசம் ஒரு கிரகணம். அவர் கேட்டது சரிதான்.

நாலு நாள் இப்படிச் சுற்றினேன். ஒரு தடவை கை வலித்துத் தாழ்ந்துவிட்டது. பழம் விளக்குக்குக் கீழே கடந்துபோயிற்று, வெளிச்சம் மறையவில்லை. கையைத் திட்டிக்கொண்டு நேராகப் பிடித்து மறுபடி சுற்றினேன். பதில் மூக்குக்கு எதிரில் வந்து போனதை நான் கவனிக்கவே இல்லை பாருங்கள்.

அம்மா கதவிடுக்கில் பார்த்துவிட்டாள்.

"என்னாடி பண்ற, இருட்டுல எலுமிச்சம்பழம் வெச்சுக்கினு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"யாராவது பாத்தா என்னா சொல்லுவாங்க? மாப்பிள்ளைக்கு மருந்து வெக்கிறன்னுவாங்க."

அதோடு எலுமிச்சம்பழப் பரீட்சை முடிந்தது. அன்றைக்கு அது ரசத்துக்குப் போயிற்று.

எதிரும் புதிருமாக இரண்டு பேர்

பிறகு பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டேன். டிரெயினிங்கில் படித்த புத்தகத்தில் இல்லாதது அதிலா இருக்கப்போகிறது என்று முதலில் அலட்சியம்தான். அப்பாவோ ஒரு வருஷத்துப் பஞ்சாங்கத்தையும் தூக்கிப் போடமாட்டார். பரணில் கட்டுக்கட்டாக இருக்கும். இறக்கித் தூசி தட்டினேன்.

எங்கெங்கே கிரகணம் போட்டிருக்கிறதோ அந்த மாதத்து ராசிக் கட்டங்களை எடுத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் தென்பட்டது. கிரகணம் வருகிற மாதங்களில் சூரியன் ராகுவின் பக்கத்திலோ கேதுவின் பக்கத்திலோ வந்து நிற்கிறது. இந்த ஆடியிலும் கடகத்தில் சூரியன், அங்கேயே ராகு, எதிரே மகரத்தில் கேது. சூரியன் அவர்களை விட்டு எட்ட இருக்கிற மாதங்களில் அமாவாசை வந்து போகிறது, கிரகணம் மட்டும் இல்லை.

பாம்பு விழுங்குகிறது என்பது கதை. ஆனால் பஞ்சாங்கக் கணக்குப் போட்டவன் கதை எழுதவில்லை. அவன் எதையோ அளந்து எழுதியிருக்கிறான். அது என்ன?

அப்பாவிடம் கேட்டேன். "ராகுவும் கேதுவும் எப்பவுமே நேர் எதிராவே இருக்குதே, ஏம்பா?"

"அதுங்க ரெண்டும் அப்படித்தான். ஒண்ணு இங்கன்னா ஒண்ணு அங்க. கிட்ட வந்ததே கிடையாது." பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாப்பிள்ளை கடுதாசி போட்டாரா?" என்றார்.

"போடுவாருப்பா."

அப்பா பஞ்சாங்கத்தை மூடிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் கோபித்துக்கொண்டு வந்தது அப்பாவுக்குப் புரிந்திருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புது டயம்

மறுபடி முற்றத்துக் கதைக்கு வருகிறேன். சூரியன் முழுசாக இருக்கிறது, உலக்கை நிற்கிறது, அம்மாவும் அப்பாவும் வாக்குவாதம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அந்த டைம்பீஸ், கல்யாணத்துக்கு அவர் கொண்டுவந்து கொடுத்தது. ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தது. யுத்தத்துக்காகச் சர்க்கார் கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்த காலம் அது. ரயிலும் ஆபீசும் புது டயத்தில் ஓடின. மாடும் கோழியும் பழைய டயத்தில் எழுந்தன. எங்கள் பஞ்சாங்கத்தில் போட்டிருந்ததும் பழைய மணிதான்.

அம்மா என்றைக்கும் நிழலைப் பார்த்து மணி சொல்கிறவள். அன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை கொடுத்த கடிகாரமாயிற்றே என்று பெருமையாக அதைப் பார்த்து உலக்கையை நிறுத்தியிருக்கிறாள்.

"அம்மா, இது புது டயம். பஞ்சாங்கத்துல பத்துன்னா இதுல பதினொண்ணு. கிரகணம் இன்னும் புடிக்கவே இல்ல."

"அப்போ உலக்கை?"

"அது அடிப்பக்கம் பூண் தட்டையா இருக்குது. பாத்து நிறுத்துனா என்னிக்கும் நிக்கும்."

அம்மா உலக்கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தோற்பாளா?

"அது முன்னாடியே தெரிஞ்சுக்கினு நிக்குதுடி," என்றாள். "உன்னை மாதிரி கடைசில முழிச்சுக்கினு இருக்குமா?"

அப்பா வாயை மூடிக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது.

தொட்டித் தண்ணீர்

இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்றானதும் அம்மாவுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். உலக்கையை எடுத்துச் சாய்த்தாள். தாம்பாளத்தை என் கையில் கொடுத்து, கழுவிக்கொண்டு வரச் சொன்னாள்.

கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர். தாம்பாளத்தைச் சாய்வாக உள்ளே விட்டேன். கனமான பித்தளை; பாதி முங்கியதும் அப்படியே பிடித்துக்கொண்டு எதையோ நினைத்து நின்றேன். பெரிய டீச்சரம்மாவுக்கு நாளைக்கு என்ன சொல்வது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண் மட்டும் தாம்பாளத்தின் மேல் இருந்தது.

விளிம்பில் ஒரு பாதி தண்ணீருக்கு மேலே. மறு பாதி தண்ணீருக்குள்ளே. தண்ணீர் மட்டம் விளிம்பைத் தொடுகிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று நேர் எதிரே அந்தப் பக்கம்.

ஒண்ணு இங்கன்னா ஒண்ணு அங்க. கிட்ட வந்ததே கிடையாது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தாம்பாளத்தைத் தூக்கி, மறுபடி அதே சாய்வில் பாதி முக்கிப் பார்த்தேன்.

வாசகர்களுக்கு நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். வீட்டில் ஒரு தட்டும் வாளித் தண்ணீரும் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். தட்டின் நடுவில் பூமி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் விளிம்புதான் நிலா நடக்கிற பாதை. மாசம் ஒரு சுற்று. சூரியன் எட்டத்தில், தண்ணீர் மட்டத்திலேயே, வருஷத்துக்கு ஒரு சுற்று சுற்றுவதாக நம் கண்ணுக்குத் தெரிகிறது. சுற்றுவது பூமிதான், கணக்கு மாறாது. நிலாவின் பாதை சாய்ந்திருக்கிறது. ரொம்பச் சாய்வு இல்லை, கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் போதும்.

அமாவாசையன்று நிலா சூரியன் இருக்கிற பக்கமாகக் கடந்துபோகிறது. பாதை மேலே தூக்கியிருக்கிற இடத்தில் கடந்தால் சூரியனுக்கு மேலாகப் போய்விடும். தாழ்ந்த இடத்தில் கடந்தால் கீழாகப் போய்விடும். வலித்த கையோடு நான் கடத்தின எலுமிச்சம்பழம் மாதிரி. இரண்டு பாதையும் வெட்டிக்கொள்கிற அந்த இரண்டு இடத்தில் ஒன்றின் கிட்டே சூரியன் வந்திருக்கும்போது அமாவாசை வந்தால்தான் நிலா நேராகக் குறுக்கே வரும். சூரியன் ஒன்றிலும் நிலா எதிரிலுள்ள மற்றதிலும் இருக்கிறபோது பௌர்ணமி வந்தால் சந்திர கிரகணம். சூரியன் அந்த இடங்களுக்கு வருவது வருஷத்தில் இரண்டு தடவைதான். அதனால்தான் மாசாமாசம் கிரகணம் இல்லை.

ராகுவும் கேதுவும் பாம்பு இல்லை. ஆள் இல்லை. இரண்டு இடம். வெறும் இடம். பஞ்சாங்கக்காரன் இத்தனை காலமாக அந்த இரண்டு இடத்தையும் கட்டம் போட்டுக் காட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

தொட்டியண்டை நின்று தனியாகச் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது. மூன்று வாரத்துப் பாரம் இறங்கிவிட்டது. இனி தைரியமாக விழுப்புரம் போய் அந்த மனுஷர் முகத்தில் அறைகிற மாதிரிப் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். கூடவே, ஒரு விருந்துக்குக்கூட வராதவருக்கு எதற்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது.

"தண்ணிக்குள்ள என்னா தேடிக்கினு இருக்கிற?"

திரும்பினேன். அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஏன் சிரித்தார்

ரயில்வே கோட்டு, கக்கத்தில் குடை, கையில் காகிதம் சுற்றிய ஏதோ ஒன்று. காலை வண்டியில் வந்திருக்கிறார். "வாங்க மாப்பிள்ளை" என்று அம்மா உள்ளே ஓடினாள். அப்பா கொட்டகையிலிருந்து வந்து, "வாங்க, வாங்க" என்று சொல்லிவிட்டு அதே வேகத்தில் திரும்பிப் போனார்.

"ஒண்ணாந்தேதி வர முடியல," என்றார் அவர். "ராவும் பகலும் பட்டாள ஸ்பெஷல். ஒரே பேஜாரு. இன்னிக்குக் கிரகணம்னு சொல்லிக் கேட்டு லீவு வாங்கினேன். லாந்தர் கண்ணாடி ஒண்ணு கரி புடிச்சுக் கொண்டாந்திருக்கிறேன், பாக்கலாம்னு."

(கரிக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்ப்பதெல்லாம் அந்தக் காலத்து அறியாமை. யாரும் செய்யாதீர்கள், கண் போய்விடும்.)

நான் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "உங்க கேள்விக்குப் பதில் இதோ இருக்குது, பாருங்க," என்றேன்.

தாம்பாளத்தைச் சாய்த்துத் தண்ணீரில் வைத்தேன். விரலால் விளிம்பைச் சுற்றிக் காட்டினேன். மேலே, கீழே, இங்கே ராகு, அங்கே கேது. வகுப்பில்கூட அவ்வளவு கண்டிப்பாக நான் பாடம் நடத்தியதில்லை.

அவர் குடையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "இன்னொரு வாட்டி காட்டு."

காட்டினேன்.

அவர் தானே தாம்பாளத்தை வாங்கிச் சாய்த்துப் பிடித்தார். கோட்டுக் கை நனைந்தது, கவனிக்கவில்லை. அந்த இரண்டு இடத்தையும் கட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"அட," என்றார். "அப்போ ரெண்டு லைனும் வெட்டிக்கிற எடத்துல ரெண்டு வண்டியும் ஒரே நேரத்துல வந்தாத்தான். இது தெரியாம எத்தினி வருசம் மண்டையை ஒடைச்சுக்கினு இருந்தேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கப் போறேன்?"

"என்னை மடக்கத்தானே கேட்டீங்க?"

"மடக்கவா?" அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "பள்ளிக்கூடத்துல வாத்தியாரைக் கேட்டதுக்குப் பெஞ்சு மேல ஏத்துனாரு. அதுக்கப்புறம் யாரையும் கேக்கல. டீச்சரே வீட்டுக்கு வந்துட்டியே, கேக்கலாம்னு பாத்தேன்."

"அப்போ எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?"

அவர் எழுந்து, தாம்பாளத்திலிருந்து தண்ணீரை வடித்தார்.

"உனக்கும் தெரியலன்னதும் அப்பாடான்னு இருந்துது. இத்தினி படிச்ச பொண்ணைக் கட்டிக்கினு வந்துட்டோமே, நாம மட்டும்தான் மக்கோன்னு கல்யாணத்துலருந்து பயந்துக்கினு இருந்தேன். அதான் சிரிப்பு வந்துடுச்சு."

மூன்று வாரம் நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்? அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. ஈரக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன்.

"நான் கோவிச்சுக்கினுதான் வந்தேன்," என்றேன். "திரும்பி வரக் கூடாதுன்னு இருந்தேன். பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேந்துடறதுன்னு பேசி வெச்சிருக்கிறேன். நாளைக்குச் சொல்லணும்."

அவர் முகம் மாறியது. கையிலிருந்த தாம்பாளத்தைத் தொட்டி விளிம்பில் வைத்தார்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"ஆடிக்கு வந்திருக்கிறன்னே நெனச்சுக்கினு இருந்தேனே, தனகோட்டி." என் பெயரைச் சொல்லிவிட்டு, நனைந்த கோட்டுக் கையைப் பிழிந்தார்.

அப்பா முற்றத்திலிருந்து கூப்பிட்டார். பிடித்துவிட்டது. மஞ்சள் தண்ணீரில் சூரியனின் ஓரத்தில் யாரோ விரலால் தொட்டு எடுத்ததுபோல ஒரு சின்னப் பள்ளம். அம்மா உலக்கையை மறுபடி நிறுத்தினாள். அதுவும் நின்றது. நாங்கள் நாலு பேரும் அங்கேயே இருந்தோம். நேரம் ஆக ஆக வெயில் மங்கி, கோழிகள் ஒன்றும் புரியாமல் கூண்டைச் சுற்றின. வேப்ப மரத்தடியில் இலை நடுவே விழுந்த வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் பிறைபிறையாக மாறிவிட்டன. தரை முழுக்கப் பிறை. அவர் சட்டையில் பிறை. அம்மா புடவை மேல் பிறை.

"நிலா நேராக் குறுக்க வந்துக்கினு இருக்குது, இல்ல?" என்று அவர் என் காதருகே கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்த ரெண்டு எடமும் ஒரே எடத்துல நிக்காதுன்றாங்களே, பஞ்சாங்கத்துல பின்னாடி பின்னாடி போய்க்கினு இருக்குதாமே. அது ஏன்?"

"தெரியலிங்க," என்றேன். அவ்வளவு சுலபமாக அந்தச் சொல் என் வாயில் வந்தது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். கிரகண நேரத்தில் சிரிக்கக் கூடாது என்று அம்மா அதட்டினாள்.

விட்டபின் எல்லோரும் குளித்து, புதிதாகச் சமைத்துச் சாப்பிட்டோம். சாயங்கால வண்டிக்கு அவர் கிளம்ப வேண்டும். நானும் வருகிறேன் என்றேன். ஆடியில் பெண்ணை அனுப்புவதா என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். என் கோபத்துக்கு அத்தனை ஒத்தாசையாக இருந்த ஆடி மாதம், சமாதானம் ஆனதும் நாலு மாதம் மாதிரி நீண்டு போயிற்று. பெரிய டீச்சரம்மாவிடம் மறுநாள் போய், வேலைக்கு வரவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவரை வழியனுப்பத் தெருமுனை வரைக்கும் போனேன். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தவர், திரும்பி வந்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? அடுத்த தடவை கோவம் வந்தா, கோவம்னு சொல்லிட்டுப் போ. சொல்லாம போனா எனக்குத் தெரியாது."

அதற்குப் பிறகு அவர் இருந்த வரைக்கும், ஒரு நாளும் நான் அவரிடம் சொல்லாமல் கோபித்துக்கொண்டதில்லை.